பாராமுகத்தின் கவர்ச்சி

சின்னத்திரைச் சிந்தனைகள் – 11

சென்ற வாரம் நெடுந்தொடர்களின் மாமியார்களோடும் மருமகள்களோடும் சேர்ந்து நாமும் போதிய அளவு கண்ணீர் சிந்திவிட்டோம். ஆகையால் இந்த வாரம் ரிமோட்டைக் கையிலெடுத்து, செய்தி அலைவரிசைகளின் விவாதக் கூச்சலையும், பாட்டுப் போட்டியில் தோற்ற குழந்தைகளின் தேம்பலையும், பற்பசை முதல் பட்டுப்புடவை வரையிலான விளம்பரங்களையும் ஒவ்வொன்றாகக் கடந்து, பட்டியலின் கோடியில் ஒதுங்கிக் கிடக்கும் மிருகங்களின் ராஜ்யத்துக்குள் பிரவேசிக்கலாம் என்று உத்தேசித்திருக்கிறேன். அங்கே வசனகர்த்தாவுக்கு வேலையில்லை. கதாநாயகிக்கு நகை நட்டு இல்லை. நாளைக்கு என்ன ஆகுமோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும்படி 'தொடரும்' போடுவாரும் இல்லை. இருந்தபோதிலும், பள்ளிக்கூடத்துப் பையன் முதல், பேரப்பிள்ளைகளின் தயவில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி வரையில், சிறுத்தை ஒன்று புல்லுக்குள் பதுங்குவதைக் கண்டதும் கையிலெடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் நிற்க, அப்படியே பார்த்துக்கொண்டிருப்பதை நாம் எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறோம். இந்த ஆகர்ஷண சக்தி எங்கிருந்து வருகிறது என்பதே இந்த வார விசாரம்.

விஞ்ஞானிகளிடம் ஒரு விடை தயாராக இருக்கிறது. அமெரிக்க உயிரியல் அறிஞர் எட்வர்ட் வில்சன் 1984இல் ஒரு நூலே எழுதி, ஜீவராசிகளின்பால் மனிதனுக்குள்ள ஈடுபாடு பிறவியிலேயே அமைந்தது என்றும், காட்டில் வாழ்ந்த முன்னோர்களிடமிருந்து ரத்தத்தோடு வந்த சுபாவம் என்றும் வாதித்தார். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் அதுவே முழுக் காரணமாயின், நாம் காலணாச் செலவில்லாமல் மொட்டை மாடிக்குப் போய்க் காக்கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாமே! நம் வீட்டுச் சுவரில் குழல்விளக்குக்கு அடியிலே, விட்டில்பூச்சியைக் குறிவைத்துப் பல்லி நடத்தும் வேட்டை, பொறுமையிலும் சாமர்த்தியத்திலும் எந்தப் புலியின் வேட்டைக்கும் குறைந்ததன்று. அதை ஒருவரும் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதாகத் தெரியவில்லை. ஆகவே, இயற்கையின்மேல் உள்ள அன்பு என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மேலே போய்விட என் மனம் ஒப்பவில்லை.

தொலைக்காட்சிப் பெட்டியில் நாம் காணும் முகங்கள் யாவும் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கின்றன என்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். செய்தி வாசிப்பவர் நம் கண்ணோடு கண் பொருத்திப் பேசுகிறார். சோப்பு விற்கும் நடிகை நம்மைப் பார்த்தே புன்னகை பூக்கிறாள். மந்திரி நம்மை நோக்கியே கை கூப்புகிறார். நெடுந்தொடரின் நாயகிகூட, காமிராவைப் பாராதவள்போலப் பாவனை செய்தாலும், அழுகிற முகத்தை நம் பக்கம் திருப்பிக்கொண்டுதான் அழுகிறாள். அவர்கள் எல்லோருக்கும் நம்மிடமிருந்து ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது: பணமோ, வாக்கோ, கைதட்டலோ, அதுவும் இல்லையென்றால் ஒரு சொட்டுக் கண்ணீரோ. இத்தனை யாசகர்களுக்கு நடுவே, புல்வெளியில் மேய்ந்துகொண்டிருக்கும் ஒரு மான் கூட்டம் திரையில் வருகிறது. நாம் ஒருவர் இருப்பதே அதற்குத் தெரியாது; தெரிந்தால் ஓடிப்போகுமேயன்றி நம் தயவை நாடாது. நம்முடைய பாராட்டு அதற்கு வேண்டியதில்லை. நம்முடைய இரக்கம் அதன் உயிரைக் காக்கப்போவதுமில்லை. பகல் முழுவதும் யாராவது ஒருவருடைய எதிர்பார்ப்புக்கு ஈடுகொடுத்துக் களைத்து வீடு திரும்புகிறவனுக்கு, தன்னைச் சற்றும் பொருட்படுத்தாத ஓர் உலகத்தை, அந்த உலகம் அறியாமலே எட்டிப்பார்க்கக் கிடைக்கும் அவகாசம் எத்தனை பெரிய இளைப்பாறல்! அந்தப் பாராமுகமே இப்படங்களின் ஜீவன் என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் பாராமுகத்தைப் படம் பிடிப்பதோ லேசில் கைகூடிய காரியமன்று. 1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்த ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் சகோதரர்கள், பறவைகள் தங்களைக் கண்டு மிரண்டு பறந்துவிடாமல் இருக்கும்பொருட்டு, ஒரு மாட்டின் தோலைப் பாடம் பண்ணி, உள்ளே கூடு அமைத்து, அந்த வயிற்றுக்குள் காமிராவுடன் புகுந்து நின்று படமெடுத்தார்கள். வயலில் நிற்கும் மாட்டைப் பறவைகள் சந்தேகிப்பதில்லை அல்லவா? ஆனால் தொலைக்காட்சி வந்த புதிதில் இந்தப் பொறுமையெல்லாம் மறந்துபோயிற்று. 1950களின் தொடக்கத்தில் பி.பி.சி.யார், லண்டன் மிருகக்காட்சிசாலையிலிருந்து பிராணிகளை ஸ்டுடியோவுக்கு வரவழைத்து, கண்ணைக் கூசவைக்கும் விளக்குகளின்கீழ் மேஜைமேல் வைத்துக் காட்டினார்கள். 1952இல் அந்த ஸ்தாபனத்தில் சேர்ந்த டேவிட் அட்டன்பரோ என்ற இளைஞர், 1954இல் 'ஜூ குவெஸ்ட்' என்னும் தொடருக்காக சியரா லியோன் நாட்டுக்குப் போனபோதுகூட, மிருகக்காட்சிசாலைக்குப் பிராணிகளைப் பிடித்துவருவதே பயணத்தின் நோக்கமாயிருந்தது. அவர் திரையில் தோன்றியதும் தற்செயலே. தோன்றவேண்டியிருந்த மிருகக்காட்சிசாலை அதிகாரி நோய்வாய்ப்பட்டதனால் இவர் அவருடைய இடத்தில் நின்றார். 1957இல் பிரிஸ்டல் நகரத்தில் இயற்கை வரலாற்றுக்கென்றே ஒரு தனிப் பிரிவு ஏற்பட்ட பிறகுதான், பிராணியை நம்மிடம் கொண்டுவருவதை விட்டுவிட்டு, பிராணி இருக்குமிடத்துக்குப் போய், அதன் கண்ணில் படாமல் காத்திருக்கும் கலை மெல்ல மெல்ல வளர்ந்தது.

காத்திருப்பது என்றால் எப்படிப்பட்ட காத்திருப்பு! 1979இல் பதின்மூன்று பகுதிகளாக ஒளிபரப்பான 'லைஃப் ஆன் எர்த்' தொடரில், டார்வினின் பெயரால் வழங்கும் ஒரு தென் அமெரிக்கத் தவளை வருகிறது. அந்த இனத்தில், குஞ்சுகளைத் தன் தொண்டைப் பைக்குள் அடைத்துக்கொண்டு வளர்ப்பது தகப்பன்; பருவம் வந்ததும் வாயைத் திறந்து அவற்றை வெளியே உமிழ்ந்துவிடும். அந்தக் கண நேரக் காட்சிக்காக ஒரு காமிராக்காரர் நூற்றுக்கணக்கான மணி நேரம் விழித்துக் காத்திருந்தார். நாம் அதைப் பார்த்து, ஆச்சரியப்பட்டு, அடுத்த காட்சிக்குப் போய்விட எடுத்துக்கொள்ளும் நேரமோ சில வினாடிகள்.

அதே தொடரில், எல்லோரும் ஏகமனதாகப் புகழும் ஒரு காட்சி இருக்கிறது. ருவாண்டா நாட்டு மலைக்காட்டில், டயான் ஃபாஸி என்ற அமெரிக்கப் பெண்மணி பல வருஷங்களாகப் பழகி ஆராய்ந்து வந்த கொரில்லாக் குடும்பம் ஒன்றின் அருகில் அட்டன்பரோ போய்ச் சேர்கிறார். கட்டைவிரல் மற்ற விரல்களை எதிர்கொண்டு பற்றுவதால் குரங்கினம் அடைந்த நன்மை யாது என்று விளக்குவதுதான் அன்றைய பாடம். ஆனால் பாடம் நடக்கவில்லை. பெரிய பெண் கொரில்லா ஒன்று அவர் தலைமேல் கை வைக்கிறது. குட்டிகள் அவருடைய காலடியில் வந்தமர்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கப் பார்க்கின்றன. அவர் கட்டைவிரலையும் மறந்து, பாடத்தையும் மறந்து, தழைகளுக்கு நடுவே சாய்ந்து கிடந்தபடி, அவற்றின் பார்வையோடு நம் பார்வையைப் பரிமாறிக்கொள்வதில் உள்ள அர்த்தத்தைப் பற்றி ரகசியம் பேசுவதுபோல் முணுமுணுக்கிறார். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால், இந்தக் காட்சி என் கட்சிக்கு நேர் விரோதமானதே. இங்கே மிருகம் மனிதனைப் பார்த்துவிட்டதே என்று கேட்கலாம். பார்த்தது வாஸ்தவம், தொட்டு ஆராய்ந்ததும் வாஸ்தவம். ஆனால் அந்தப் பார்வையில் வேண்டுகோள் ஒன்றும் இல்லை. மனிதனைக் கண்டு அஞ்சவும் இல்லாமல், அவனிடம் எதையும் எதிர்பார்க்கவும் இல்லாமல், புதிதாக வந்து கிடக்கும் ஒரு வஸ்துவைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தன. அதுவே அந்தக் காட்சியின் கம்பீரம்.

அதன் பிறகு வந்த முன்னேற்றங்களெல்லாம், மிருகத்திலிருந்து மனிதனை மேலும் மேலும் தூரத்துக்கு நகர்த்துவதற்கான முன்னேற்றங்களே. ஐந்து வருஷ உழைப்பின் பயனாக 2006இல் வெளிவந்த 'பிளானட் எர்த்' தொடரில், ஹெலிகாப்டரின் ஆட்டத்தால் படம் அதிராதபடி காமிராவை நிலைநிறுத்தும் ஒரு கருவியைப் பொருத்தி, மிருகங்களை மிரட்டாத உயரத்திலிருந்து படமெடுத்தார்கள். போட்ஸ்வானாவின் ஒக்காவாங்கோ பிரதேசத்தில் காட்டுநாய்கள் கூட்டமாகப் பிரிந்தும் கூடியும் மானைச் சூழும் வியூகத்தை மேலிருந்து பார்த்தபோது, தரையில் நின்று ஆயுள் முழுதும் பார்த்தாலும் விளங்காத ஒரு யுத்த தந்திரம் ஒரே பார்வையில் விளங்கிற்று. நம் மத்தியப் பிரதேசத்துப் பெஞ்ச் வனத்திலோ, 2008இல் வந்த ஒரு படத்துக்காக, பழக்கிய யானைகளிடமே காமிராவைக் கொடுத்துத் தூக்கிப்போகச் செய்தார்கள். புலிகளுக்கு யானை பழகிய அயல்வாசி ஆனதால், குட்டிகள் வளர்ந்து பெரிதாகும் வரையில் மிக அருகிலிருந்து பார்க்க முடிந்தது. மாட்டு வயிற்றுக்குள் புகுந்த கியர்ட்டன் சகோதரர்களின் யுக்தியேதான் இது; மாட்டுக்குப் பதில் யானை, அவ்வளவே.

இந்த யுக்தி எல்லை மீறிப் போனதும் உண்டு. குரங்குக்குட்டியைப் போலவே கண்ணும் கையும் அசையும் பொம்மை செய்து, கண்ணுக்குள் காமிராவை ஒளித்து, ராஜஸ்தானத்து மந்திக் கூட்டத்தின் நடுவே வைத்தார்கள். 2017இல் ஒளிபரப்பான 'ஸ்பை இன் தி வைல்ட்' என்னும் தொடரில் அதைப் பார்க்கலாம். பொம்மை தவறிக் கீழே விழுந்ததும், குட்டி செத்துவிட்டது என்றெண்ணிய மந்திகள் சுற்றி அமர்ந்து, ஒன்றை ஒன்று அணைத்துக்கொண்டு துக்கம் கொண்டாடிய காட்சியைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள் பலர். எனக்குக் கோபம்தான் வந்தது. மறைந்திருந்து பார்ப்பது வேறு. இல்லாத பிணத்தை நடுவில் போட்டு, அழுகிறார்களா என்று பார்ப்பது வேறு.

இதற்கு நேர்மாறாக, என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்த காட்சி, 2016இல் வந்த 'பிளானட் எர்த்' இரண்டாம் தொடரில், நகரங்களைப் பற்றிய கடைசிப் பகுதியில் இருக்கிறது. இடம் மும்பை. உடம்பின் உஷ்ணத்தைக் கொண்டே இருட்டில் உருவம் காட்டும் காமிராவினால் எடுத்த படமாகையால், எல்லாம் சாம்பல் நிறம். உயிருள்ளவை மட்டும் வெளுத்துத் தெரிகின்றன. சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டிய குடியிருப்புகளில், பன்றிகளைத் தேடி வந்த சிறுத்தைகள் வெண்ணிழல்களைப்போலச் சந்து பொந்துகளில் நடமாடுகின்றன. கூப்பிடு தூரத்தில் மனிதர்கள் தம்பாட்டில் போய்வருகிறார்கள். சிறுத்தைக்கு மனிதரைத் தெரிகிறது. மனிதருக்குத்தான் சிறுத்தையைத் தெரியவில்லை. இதுவரை மிருகங்களின் பாராமுகத்தைச் சொல்லி வந்த நான், நம்முடைய பாராமுகத்தையும் ஒருவன் படம் பிடித்துக் காட்டிவிட்டானே என்று திகைத்துப்போனேன்.

தாவரங்களின் விஷயத்தை ஒரு வார்த்தையில் சொல்லி நகர்ந்துவிடுகிறேன். 1995இல் அட்டன்பரோ தாவரங்களின் அந்தரங்க வாழ்வைப் பற்றி ஒரு தொடர் செய்தார். இடைவெளி விட்டு விட்டு ஒவ்வொரு படமாக எடுத்து, பின்னர் அவற்றைத் தொடர்ந்து ஓட்டும் முறையால், நாள்கணக்கில் நடப்பது நிமிஷத்தில் நடந்தது; முட்கொடி ஒன்று தலையை ஆட்டி ஆட்டி இடம் பார்த்து, பக்கத்துச் செடிகளின்மேல் கால் வைத்து ஏறி முன்னேறுவதைக் கண்டவர்கள், அப்புறம் தோட்டத்தில் கால் வைக்கவே கொஞ்சம் தயங்கியிருப்பார்கள். பாராமுகத்தில் செடிக்கு மிஞ்சியது எது?

இனி, அதே 'பிளானட் எர்த்' இரண்டாம் தொடரில் எல்லோரும் பார்த்த ஒரு காட்சிக்கு வருவோம். கலாபகஸ் தீவுகளில் ஃபெர்னாண்டினா என்ற தீவு. கரிய எரிமலைப் பாறைக் கரை. மணலுக்குள் பொரித்த கடல் உடும்புக் குஞ்சு ஒன்று தலையை நீட்டி வெளியே வருகிறது. பிறந்து வெளிச்சம் பார்த்த முதல் நாழிகையிலேயே, கடலோரப் பாறைகளில் குளிர்காயும் பெரியவர்களிடம் ஓடிப் போய்ச் சேரவேண்டிய நிர்ப்பந்தம் அதற்கு. நடுவே, பாறைப் பிளவுகளில் பாம்புகள். அவற்றுக்குக் கூர்மையான பார்வை இல்லை, அசைவைத்தான் கண்டுகொள்ளும். ஆகவே குஞ்சு கல்லாய்ச் சமைந்து நிற்கிறது. பாம்பு ஊர்ந்து வந்து, மிகச் சமீபத்தில் தலையைத் தூக்கிப் பார்க்கிறது. பொறுக்கமாட்டாமல் குஞ்சு ஓட, ஒரு பிளவிலிருந்து ஒன்று, மறு பிளவிலிருந்து மூன்று, பின்னர் எண்ணமுடியாதபடி பாம்புகள் நாலா பக்கத்திலிருந்தும் சீறி வருகின்றன. சுருளுக்குள் அகப்பட்டுத் தலை மாத்திரம் வெளியே தெரிந்த குஞ்சு, நாம் கைவிட்டுவிட்ட தருணத்தில், நழுவி விடுபட்டு, பாறைக்குப் பாறை தாவி, மேலே ஏறித் தப்பிவிடுகிறது. பார்த்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். 2017இல் பிரிட்டிஷ் பாஃப்டா பரிசுகளில், மறக்கமுடியாத காட்சி இதுவே என்று நேயர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதே வருஷம், அந்தப் பகுதியின் தயாரிப்பாளரே ஓர் உண்மையை ஒளிக்காமல் சொன்னார்: ஓடியது ஒரே குஞ்சு அல்ல, பல குஞ்சுகளின் ஓட்டத்திலிருந்து எடுத்த துண்டுகளைக் கோத்து ஒரே ஓட்டமாக்கினோம் என்று. பத்திரிகைகள் இதை ஒரு மோசடிபோலப் பிரமாதப்படுத்தின. எனக்கு அதில் ஆட்சேபம் கிடையாது. குஞ்சுகளும் மெய், பாம்புகளும் மெய், தப்பியதும் மெய். என் ஆட்சேபமெல்லாம் சங்கீதத்தின் மேல்தான். ஹாலிவுட் சினிமாவுக்கு இசையமைக்கும் ஹான்ஸ் ஸிம்மர் கைவைத்த தொடர் அது. முரசும் வாத்தியங்களும் சேர்ந்து, இப்போது பயப்படு, இப்போது மூச்சை விடு, இப்போது ஆனந்தப்படு என்று நம் பிடரியைப் பிடித்துத் தள்ளுகின்றன. நம்மைப் பொருட்படுத்தாத ஒரு பிராணியைப் பார்க்க வந்த இடத்தில், நம்மையே குறிவைத்து ஒருவர் முரசு கொட்டுகிறார்.

சங்கீதம் மட்டுமா? எட்டத்திலிருந்து எடுக்கும் படத்துக்கு ஓசை கிடைப்பதில்லை. ஆகையால் பிராணிகளின் நடமாட்டத்தில் எழும் ஓசைகளிற் பெரும்பகுதியைப் பின்னால் ஸ்டுடியோவில் உண்டாக்குகிறார்கள். பனிக்கரடியின் பாதத்தில் பனி நெரியும் ஓசை வேண்டுமானால், கஸ்டர்டு மாவையோ சோள மாவையோ பையில் கட்டி ஒருவர் மைக்குக்கு முன்னால் பிசைகிறார்.

இந்த ஒப்பனைகளைக் களைந்தால் என்ன மிஞ்சும் என்பதை எனக்குக் காட்டியது எங்கள் தெருமுனைச் சலூன். அங்கே சுவரில் மாட்டிய டி.வி.யில் மிருகப் படம் ஓடும், எஃப்.எம். ரேடியோவில் இளையராஜா பாட்டு ஒலிப்பதால் டி.வி.யின் சத்தம் அணைத்திருக்கும். கழுத்துவரை துணி போர்த்தி, தலையை அசைக்கவும் சுதந்திரமில்லாமல் அமர்ந்திருந்த ஒரு மாலையில், சிங்கம் ஒன்று வரிக்குதிரைகளைத் துரத்துவதைப் பார்த்தேன். எனக்குத் துரத்தலிலே பயமும் உண்டாகவில்லை, ஆவேசமும் உண்டாகவில்லை. சிங்கம் குறி தவறியது. சற்று தூரம் ஓடி நின்றது. உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டது. வரிக்குதிரைகள் கொஞ்சம் தள்ளிப்போய் நின்று, காதைத் திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டு, அந்தச் சிங்கத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டே மறுபடி மேயத் தொடங்கின. கொலையாளியும் கொலைக்கு இலக்கானவரும் ஒரே வெளியில் இப்படிச் சகஜமாக இருக்கமுடியும் என்பதை எந்த வர்ணனையும் எனக்கு அதுவரை சொன்னதில்லை. முடிதிருத்துபவர், "என்ன சார், சிங்கத்துக்கு இன்னிக்கு விரதமா?" என்று கேட்டு என் தலையைக் குனியவைத்துவிட்டார்.

ஒப்பனை வேறு, பொய் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1958இல் வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் வெளியிட்ட 'ஒயிட் வில்டர்னஸ்' என்ற படம், லெம்மிங் என்னும் எலியினப் பிராணிகள் கூட்டங்கூட்டமாக மலைமேலிருந்து சமுத்திரத்தில் குதித்துத் தற்கொலை செய்துகொள்வதாகக் காட்டி, ஆஸ்கார் பரிசும் பெற்றது. லெம்மிங்குகள் தற்கொலை செய்துகொள்வதில்லை. படமெடுத்த கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துக்குச் சமுத்திரமே கிடையாது; வேறிடத்திலிருந்து விலைக்கு வாங்கி வந்த பிராணிகளை ஆற்றுக்குள் விழச்செய்து எடுத்த காட்சி அது என்று 1982இல் கனடா நாட்டுத் தொலைக்காட்சி அம்பலப்படுத்தியது. ஆயினும் அந்தக் கட்டுக்கதை இன்றும் மேடைப் பிரசங்கங்களில் உதாரணமாக உலவிக்கொண்டிருக்கிறது. 2011இல் 'ஃப்ரோஸன் பிளானட்' தொடரில், பனிக்கரடி ஈன்ற காட்சியை நெதர்லாந்து மிருகக்காட்சிசாலை ஒன்றில் எடுத்தார்கள் என்பதற்காக எழுந்த கூக்குரலையும் இதையும் ஒரே தராசில் வைப்பது நியாயமன்று. ஈன்ற கரடியின் பொந்துக்குள் மனிதன் காமிராவுடன் நுழைந்தால், ஒன்று மனிதன் மிஞ்சமாட்டான், அல்லது குட்டிகள் மிஞ்சமாட்டா. பி.பி.சி.யார் உண்மையைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட்டிருந்தார்கள். திரையிலேயே ஒரு வரி சொல்லியிருக்கலாம் என்பதுதான் குறை. லெம்மிங் விஷயமோ கொலையும் பொய்யும் சேர்ந்த பாதகம்.

மிருகங்கள் ஆபத்தில் சிக்கும்போது படமெடுப்பவர் தலையிடலாமா என்ற தர்மசங்கடமும் உண்டு. தலையிடலாகாது என்பதே இத்தொழிலின் எழுதாத சட்டம். 2018இல் ஒளிபரப்பான 'டைனஸ்டீஸ்' தொடருக்காக அண்டார்டிகாவில் இருந்த குழுவினர், குஞ்சுகளோடு ஒரு பனிப்பள்ளத்தில் சிக்கி ஏறமாட்டாமல் தவித்த பெங்குவின்களுக்காக, சரிவாக ஒரு பாதை வெட்டிவிட்டு ஒதுங்கினார்கள். அவர்கள் ஒரு பறவையையும் கையால் தூக்கவில்லை. பாதையை உபயோகிப்பதும் உபயோகிக்காததும் பறவைகளின் இஷ்டம். பல பறவைகள் அவ்வழியே ஏறிப் போயின. திரும்பி நன்றி சொல்லவில்லை. வெட்டியவர்கள் அதை எதிர்பார்த்திருக்கவும் மாட்டார்கள்.

நம் தமிழ்நாட்டு வீடுகளில் இந்தப் படங்கள் பரவியதற்கு, டிஸ்கவரி போன்ற அலைவரிசைகள் தமிழிலேயே பேச ஆரம்பித்தது பெரிய காரணம். அதற்காக நன்றி செலுத்த வேண்டியதுதான். ஆனால் படமே சொல்வதைச் சொல்லால் திருப்பிச் சொல்லலாகாது என்பது அட்டன்பரோ ஆயுள் முழுதும் காத்துவந்த நியமம். நம்முடைய தமிழ்க் குரல்களிற் சிலவோ, முதலை வாய் திறந்தால், "வாடா மாப்பிள்ளை" என்றும், நரி பம்மினால், "பசி வயித்தைக் கிள்ளுது" என்றும் இடைவிடாது வியாக்கியானம் செய்து, காட்டைக் கோடம்பாக்கத்துக்கே அழைத்து வந்துவிடுகின்றன. குழந்தைகள் சிரிக்கிறார்கள், நானும் சிரித்திருக்கிறேன். சிரித்து முடித்தபின் முதலை மனத்தில் நிற்பதில்லை. 2020இல் பந்திப்பூர் வனத்துக்கு ரஜினிகாந்த் போய்வந்த நிகழ்ச்சியும் அப்படியே: தமிழ்நாடே பார்த்தது ரஜினியை; பந்திப்பூரைப் பார்த்தவர் எத்தனை பேர்?

பாராமுகம், பாராமுகம் என்கிறீரே, ஆஸ்கார் வாங்கிய நம் தெப்பக்காட்டு யானைப் படத்துக்கு என்ன சொல்கிறீர் என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கார்த்திகி கோன்சால்வெஸ் எடுத்த 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' படத்தில், முதுமலையின் தெப்பக்காடு முகாமிலே, தாயை இழந்த ரகு என்னும் யானைக்குட்டிக்குப் பொம்மனும் பெள்ளியும் தாயும் தந்தையுமாகிறார்கள். குளிப்பாட்டுகிறார்கள், ஊட்டுகிறார்கள், செல்லமாகக் கடிந்துகொள்கிறார்கள். குட்டி அவர்களைத் தேடுகிறது, துதிக்கையால் தழுவுகிறது. ஆனால் அது தேடுவது பொம்மனையும் பெள்ளியையுமே. காமிராவை அல்ல, நம்மை அல்ல. 2023இல் அந்தப் படம் உலகப் பரிசு பெற்ற செய்தியும் ரகுவை எட்டியிராது. அதைவிட முக்கியமான ஒன்றையும் அந்தப் படம் செய்தது. ஆயிரக்கணக்கான மைல் சுற்றி எடுக்கப்பட்ட மகா படங்களிற் பல, ஜீப்புகளையும், மின்வேலிகளையும், காட்டிலேயே பிறந்து வளர்ந்த குடிகளையும் படச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு, மனிதச் சுவடே படாத காடுகள் இன்னும் ஏராளமாக இருப்பதாக நம்மை மயங்க வைக்கின்றன. தெப்பக்காட்டுப் படம் காட்டுநாயக்கர் வாழும் காட்டைக் காட்டிற்று.

அந்த மயக்கத்தைக் கண்டு சலித்த ஒருவர் நம் சென்னையிலேயே இருக்கிறார். இளவயதில் சென்னைப் பாம்புப் பண்ணையில் தொண்டராகப் புகுந்து, அமைதிப் பள்ளத்தாக்கையும் நாகரஹொளேயையும் படமெடுத்து உலகப் புகழ் ஈட்டிய சேகர் தத்தாத்ரி, சர்வதேசத் தொலைக்காட்சிகளுக்கான வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, 2001இல், கர்நாடகத்தின் குதிரேமுக் தேசியப் பூங்காவில் நடந்துவந்த இரும்புச் சுரங்க வேலை பத்ரா நதிக்கும் காட்டுக்கும் செய்யும் சேதத்தை ஒரு சிறு படமாக எடுத்தார். அதற்கு ஹான்ஸ் ஸிம்மர் சங்கீதமும் இல்லை, கோடிக்கணக்கான நேயர்களும் இல்லை. அதைப் பார்க்க வேண்டியவர்கள் பார்த்தார்கள். இயற்கைப் பாதுகாவலர்கள் நடத்திய இயக்கத்துக்கு அது கைகொடுத்தது. உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2005ஆம் வருஷக் கடைசியோடு சுரங்கம் மூடப்பட்டது. உடும்புக்குஞ்சின் ஓட்டத்தைவிட இது சுவாரஸ்யம் குறைந்த படம்தான். ஆனால் நான் பரிசளிப்பதானால் இதற்குத்தான் அளிப்பேன்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ஏதேனும் ஒரு நாள், உங்களுக்குப் பிடித்த மிருகப் படம் ஓடும்போது, ஐந்து நிமிஷம் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். என்ன கண்டீர்கள் என்பதை ஒரு கார்டில் எழுதி ஆசிரியருக்கு அனுப்பினால், நல்லவற்றை இந்தப் பகுதியிலேயே சேர்த்துக்கொள்வேன். அடுத்த வாரம், நாம் ஒருபோதும் செய்துபார்க்கப் போகாத பலகாரங்களை நமக்குக் கற்றுக்கொடுக்கும் சமையல் நிகழ்ச்சிகளைக் கவனிப்போம்.